அம்மாவின் குளிசைப் பையை மேசையில் கொட்டிப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவுக்கு 67 வயது, சுத்த சைவம், சீனி வருத்தம் வந்து 14 வருடம். அரச கிளினிக்கில் மெட்ஃபோமின் 500 காலையில் இரண்டு இரவில் இரண்டு, கிளிக்ளசைட் 80 காலையும் இரவும் ஒவ்வொன்று கொடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு பிரைவேட் டொக்டரிடம் காட்டினோம், அவரும் ஒரு குளிசை எழுதினார், அதுவும் காலையும் இரவும். அம்மா எல்லாவற்றையும் போடுகிறார். கடைசி ரிப்போர்ட்டில் எச்.பி.ஏ.வன்.சி 6.1 என்று வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வெள்ளிக்கிழமை விரதத்தன்று கோயிலில் இரண்டு தரம் வேர்த்துக் கொட்டி நடுங்கினார், போன வெள்ளி படியில் விழுந்தும் விட்டார். பிரஷர் என்று நினைத்தோம். அடுத்த மாதம் கந்தசஷ்டி வருகிறது. விரத நாளில் குளிசையை விடலாமா? மெட்ஃபோமின் கிட்னியைப் பழுதாக்கும் என்று பக்கத்து வீட்டு அன்ரி சொல்கிறா, உண்மையா? கனடாவில் இருந்து சித்தி அனுப்பிய குளிசையையும் போடலாமா? அம்மா கொத்தலஹிம்புட்டு மரக் கோப்பையில் ஊறிய தண்ணீரும் குடிக்கிறார். குளிசைகளையும் ரிப்போர்ட்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தங்கச்சி, முதலில் ஒன்று. படியில் விழுந்தபோது தலை அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. அடிபட்டிருந்து, அதன் பிறகு தலைவலி, சத்தி, வழக்கமில்லாத தூக்கம், பேச்சுத் தடுமாற்றம் என்று ஏதாவது இருந்தால் இதை வாசித்து முடிக்கவும் வேண்டாம், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரைவேட் டொக்டர் எழுதிய குளிசையின் வெள்ளித் தாளில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கிறது, அதற்குக் கீழே எறும்பு மாதிரி எழுத்தில் கிளிமிப்பிரைட் 2 மில்லிகிராம், மெட்ஃபோமின் 500 மில்லிகிராம் என்று இருக்கிறது. அது ஒரு புது மருந்து இல்லை. இரண்டு மருந்தை ஒன்றாக அமுக்கிய குளிசை, அதில் ஒன்று அம்மா ஏற்கெனவே போடுகிற அதே மெட்ஃபோமின். கணக்குப் பாருங்கள்: கிளினிக் மெட்ஃபோமின் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம், இதற்குள் இருப்பது இன்னும் 1000, மொத்தம் 3000. சாதாரண மெட்ஃபோமினுக்கு ஒரு நாளைய உச்சம் சில நாடுகளில் 2550, சில நாடுகளில் 3000, ஆனால் பெரும்பாலான டொக்டர்மார் 2000 உடன் நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் என்னைப் பயப்படுத்துவது மெட்ஃபோமின் இல்லை, மற்றது. கிளினிக்கில் கொடுக்கும் கிளிக்ளசைட்டும் இந்தக் கிளிமிப்பிரைட்டும் ஒரே குடும்பம், ஒரே வேலை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமே இல்லை. அந்த டொக்டருக்கு அம்மா கிளினிக் மருந்தும் போடுகிறார் என்று தெரியுமா? கிளினிக் கொப்பியைக் காட்டினீர்களா? பெரும்பாலும் காட்டியிருக்க மாட்டீர்கள், ஏனென்றால் கிளினிக் கொப்பியைப் பிரைவேட் டொக்டரிடம் நீட்ட எங்கள் ஆட்களுக்கு ஒரு கூச்சம், பிரைவேட்டில் காட்டியதைக் கிளினிக்கில் சொல்ல அதைவிடப் பெரிய பயம். பார்மசிக் கவுண்டருக்குப் பின்னால் 22 வருடம் நின்றிருக்கிறேன், இந்தக் கூச்சம் ஆட்களை விழுத்துவதை நிறையத் தரம் கண்டுவிட்டேன்.

இந்தக் குடும்பத்துக் குளிசைகள் என்ன செய்கின்றன என்று அம்மாவுக்கும் சொல்லுங்கள். அவை கணையத்தைப் பிடித்து நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. சோறு வந்தால் அந்த இன்சுலினுக்கு வேலை இருக்கும், வராவிட்டால் இரத்தத்தில் இருக்கும் கொஞ்சச் சீனியையும் அது இறக்கிவிடும். மெட்ஃபோமின் அப்படி இல்லை, ஈரல் இரத்தத்துக்குள் விடுகிற சீனியைக் குறைப்பதுதான் அதன் முக்கிய வேலை, தனியாகப் போட்டால் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. ஆகவே அம்மாவின் பையில் இருக்கும் குளிசைகளை இரண்டாகப் பிரியுங்கள், சீனியை விழுத்தக் கூடியவை ஒரு பக்கம், விழுத்தாதவை ஒரு பக்கம். விழுத்தக் கூடியவற்றின் உறையில் சிவப்புப் பேனையால் "சாப்பாடு இல்லையென்றால் இது இல்லை" என்று தமிழில் எழுதி வையுங்கள். கிளினிக் உறைகளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் கிறுக்கியிருக்கும், மேனே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு, பி.டி. என்றால் இரண்டு வேளை என்று அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

இப்போது வெள்ளிக்கிழமையைப் பாருங்கள். காலையில் குளித்து, வெறும் வயிற்றில் ஒரு பிளேன்டீயோடு கிளிக்ளசைட், அதோடு கிளிமிப்பிரைட், பிறகு பஸ் ஏறிக் கோயில், பூசை முடிய 12 மணி. வேர்த்துக் கொட்டியதும் நடுங்கியதும் அதனால்தான் என்றே நான் நினைக்கிறேன். பிரஷர் என்று நினைத்தது உங்கள் பிழை இல்லை, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சீனி இறங்கும்போது திடீர் வேர்வை, கைநடுக்கம், நெஞ்சு படபடப்பு, அகோரப் பசி, கண் மங்கல் எல்லாம் வரும், இன்னும் இறங்கினால் சம்பந்தமில்லாத பேச்சு, காரணமில்லாத கோபம், மயக்கம். பிரஷருக்கு அட்டெனலோல், பிசோப்ரோலோல் மாதிரி ஏதாவது போடுகிறாரா என்றும் பாருங்கள். அவை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வேர்வை மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்தது அந்த 6.1. நீங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்ட இடத்தில்தான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. எச்.பி.ஏ.வன்.சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்து இரத்தச் சீனியின் சராசரியைக் காட்டும் எண். ஏறியதும் இறங்கியதும் கலந்து ஒரு எண்ணாக வரும், எத்தனை தரம் சீனி 50க்கு (விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் காட்டும் mg/dL கணக்கில்) இறங்கியது என்று அது சொல்லாது. பொதுவாக 7க்குக் கீழே வைத்திருக்கச் சொல்வார்கள், ஆனால் வயது போனவர்களுக்கு, அதுவும் சீனி இறங்கி விழுந்தவர்களுக்கு, 7.5, சிலருக்கு 8 வரைகூட விட்டுவிடுவார்கள். 67 வயதில், சீனியை இறக்கும் குளிசை இரண்டு போட்டுக்கொண்டு 6.1 என்றால், "எப்படி இவ்வளவு நல்லா வந்தது?" என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், அப்பாவுக்கு 74. கிளிபென்கிளமைட் போட்டுக்கொண்டிருந்தார், அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் உடம்பில் நெடுநேரம் நிற்கும், அதனாலேயே முதியவர்களுக்கு இப்போது அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அன்று வயிற்றோட்டம், இரவு ஒன்றும் சாப்பிடவில்லை, குளிசையை மட்டும் பழக்கத்தில் விழுங்கிவிட்டுப் படுத்தார். விடிய 3 மணிக்கு என் அம்மா கூப்பிட்டார். அப்பாவின் பெனியன் பிழிந்தெடுத்த மாதிரி நனைந்திருந்தது, என்னைப் பார்த்து தன் தம்பியின் பெயரைச் சொல்லி "கதவைச் சாத்தடா" என்றார். பாரிசவாதம் என்றுதான் நினைத்தேன், பார்மசியில் வேலை செய்கிற நான். 1990 அம்புலன்ஸுக்கு அடித்தோம், வந்த பிள்ளை விரலில் குத்திப் பார்த்தார், 38. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், விடிந்தபோது எழும்பியிருந்து தேத்தண்ணி கேட்டார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் அவசரப்பட்டேன், வார்ட் டொக்டர் விடவில்லை. அவர் சொன்னது சரி, பகல் 11 மணிக்கு மறுபடி 52க்கு இறங்கியது. குளிசை இன்னும் உடம்பில் நின்றது.

ஆகவே இந்தக் குளிசைகளால் சீனி இறங்கினால், ஒரு இனிப்பைக் கொடுத்துவிட்டு "இப்ப சரி" என்று விட்டுவிட முடியாது. வீட்டில் மெஷின் இருந்தால் உடனே பாருங்கள், 70க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. மெஷின் இல்லையா, அறிகுறி இருந்தாலே போதும், காத்திருக்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சொக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பால் சீனி ஏறச் சுணங்கும். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தரம். ஏறியதும் பாணோ சோறோ பிஸ்கட்டோ வயிற்றுக்கு ஏதாவது போக வேண்டும், அடுத்த பல மணி நேரம் கண்காணிக்க வேண்டும். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அடியுங்கள்.

இன்றைக்கு என்ன செய்வது? அந்தப் பிரைவேட் டொக்டருக்கு இன்றே போன் எடுத்து, கிளிக்ளசைட்டும் கிளிமிப்பிரைட்டும் சேர்ந்து போகிறது, மெட்ஃபோமின் 3000 ஆகிறது, அம்மா விழுந்தும் விட்டார் என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் கிடைக்காவிட்டால், கிடைக்கும் வரை பிறகு வந்த அந்தக் கலவைக் குளிசையை நிறுத்தி வையுங்கள், கிளிக்ளசைட்டைச் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகு மட்டும் கொடுங்கள், நாளைக்கே ஒரு டொக்டரைப் பாருங்கள், கிளினிக் திகதி வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வெள்ளி விரதம் வேண்டாம். அம்மா மறுப்பார், தெரியும். குளிசை சரிபண்ணும் வரை இரண்டு வாரம் மட்டும் என்று கேளுங்கள்.

கந்தசஷ்டிக்கு வருவோம். விரத நாளில் குளிசையை விடலாமா என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் விட்டால் சீனி தாறுமாறாக ஏறும், எல்லாவற்றையும் போட்டால் இறங்கும், ஆகவே இரண்டும் பதில் இல்லை. எந்தக் குளிசை, எந்த வேளை, எவ்வளவு என்று விரதம் தொடங்க முன்பே மாற்றி எழுதி வாங்க வேண்டும். என் பார்மசிக்கு வரும் முஸ்லிம் வாடிக்கையாளர்கள் சிலர் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டொக்டரிடம் போய், காலை மருந்தை நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றி, அளவைக் குறைத்து எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஆட்கள் சூரன்போர் அன்று மயங்கி விழுந்த பிறகுதான் வருகிறார்கள். உங்கள் அம்மாவின் நிலையில் ஆறு நாளும் பகல் முழுக்கப் பட்டினி என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், எந்த டொக்டரும் சம்மதிப்பார் என்றும் நினைக்கவில்லை. மத்தியானம் ஒரு நேரச் சோறு, காலையும் இரவும் பால் பழம், அதற்கு ஏற்றபடி குளிசை என்றால் பேசிப் பார்க்கலாம். சீனி 70க்கு இறங்கினால் அந்த நிமிடமே விரதத்தை முறிக்க வேண்டும் என்பதைக் கோயில் ஐயரையே அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள், நீங்களும் நானும் சொல்வதைவிட அது எடுபடும்.

மெட்ஃபோமின் கிட்னியைப் பழுதாக்காது. அன்ரியிடம் கோபிக்க வேண்டாம், இந்தக் கதை கொழும்பு முழுக்க இருக்கிறது, இதை நம்பி மெட்ஃபோமினை ஒளித்து வைத்துவிட்டு, சீனி ஏறி ஏறி அதனாலேயே கிட்னி பழுதானவர்களை எனக்குத் தெரியும். நடப்பது இதுதான்: மெட்ஃபோமின் கிட்னி வழியாகத்தான் வெளியேறும். கிட்னி வேறு காரணத்தால் பலவீனமானால் மருந்து உடம்பில் தேங்கும், அரிதாக இரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகும். அதனால்தான் வருடத்துக்கு ஒரு தரமாவது இரத்தத்தில் கிரியட்டினின் பார்த்து, கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற எண்ணைக் கணக்கிடச் சொல்வது. 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே என்றால் நிறுத்திவிடுவார்கள். சி.டி. ஸ்கானுக்கு ஊசியில் சாயம் ஏற்றுவதென்றாலும் மெட்ஃபோமின் போடுவதை முன்பே சொல்ல வேண்டும். அம்மாவின் கடைசிக் கிரியட்டினின் எப்போது எடுத்தது? உங்கள் படத்தில் இருந்த ரிப்போர்ட்டில் அது இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. 14 வருடச் சீனி வருத்தம், போடுவது மெட்ஃபோமின், அதோடு சுத்த சைவம். மெட்ஃபோமின் நெடுங்காலம் போட்டால் விட்டமின் பி12 உடம்பில் சேர்வது குறையும், அது இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது. கால் விறைப்பு, பாதத்தில் ஊசி குத்துகிற மாதிரி எரிவு, களைப்பு எல்லாம் சீனியால் என்று நினைத்துவிடுவோம், பாதிக் காரணம் பி12 ஆக இருக்கலாம், அது மருந்தால் திருத்தக் கூடியது. டொக்டரிடம் போகும்போது இந்த டெஸ்டையும் கேளுங்கள்.

மெட்ஃபோமினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால்தான் குமட்டலும் வயிற்றோட்டமும் கூட வரும். கருவாட்டு மணம் மாதிரி ஒரு மணம் வருகிறது, பழுதாகிவிட்டதா என்று கேட்பார்கள், பழுதில்லை, அந்த மருந்தின் மணமே அப்படி. மெதுவாகக் கரையும் வகையாக மாற்றித் தந்தால் அதை உடைக்கவோ இடிக்கவோ கூடாது. அந்த வகையில் குளிசையின் கோது முழுசாக மலத்தில் போவதும் உண்டு, மருந்து உள்ளே இறங்கிவிட்டது, கோதுதான் வெளியே வருகிறது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக் கூடாது, எந்தச் சீனிக் குளிசைக்கும் இது பொருந்தும்.

சித்தி அனுப்பியது எம்பாகிளிஃப்ளோசின் 10. நல்ல மருந்து, இருதயத்துக்கும் கிட்னிக்கும் பாதுகாப்பு என்பதால் இங்கேயும் எழுதுகிறார்கள், ஆனால் அம்மாவுக்கு யாரும் எழுதவில்லை. அது சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும், கூடவே தண்ணீரும் போகும், சிறுநீர் போகும் இடத்தில் பங்கஸ் வரக் கூடும், எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டினி கிடக்கும்போது இதைப் போட்டால் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் கூடி, மெஷினில் சீனி பெரிதாக ஏறாமலே ஆள் மோசமாகிவிடக் கூடும். விரதம் பிடிக்கிற வீட்டில் இது சும்மா எடுத்துப் போடுகிற குளிசை இல்லை. பெட்டியைத் திறக்காமல் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சித்தியின் அன்பு பெரியது, ஆனால் சித்தியின் கிட்னியும் அம்மாவின் கிட்னியும் ஒன்றில்லை.

கொத்தலஹிம்புட்டு கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது வெறும் நம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். மாச்சத்து சீனியாக உடைவதைத் தடுக்கும் பொருள் அந்த மரத்தில் உண்மையிலேயே இருக்கிறது. வேலை செய்கிறது என்பதால்தான் கவனம் வேண்டும், குளிசைகளோடு சேர்ந்து இன்னும் இறக்கும், ஒவ்வொரு நாளும் எவ்வளவு இறங்குகிறது என்று யாருக்கும் அளவில்லை. மருந்து சரிபண்ணும் வரை கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள், டொக்டரிடம் மறைக்க வேண்டாம்.

காய்ச்சல், சத்தி, வயிற்றோட்டம் வந்து சாப்பாடு தண்ணீர் இறங்காத நாளில், கொழும்பில் டெங்குக் காலத்தில் இது எப்போதும் நடப்பது, அன்றைக்கே டொக்டரைக் கேளுங்கள். மெட்ஃபோமினைச் சில நாள் நிறுத்தச் சொல்லலாம், கிளிக்ளசைட்டைக் குறைக்கச் சொல்லலாம். மேல் நோவுக்கு டைக்ளோஃபெனக் மாதிரிக் குளிசைகளைக் கேட்டு வாங்கிப் போட வேண்டாம், கிட்னிக்குக் கூடாது, டெங்குவில் அதைவிட ஆபத்து, பரசிட்டமோல் போதும். அன்டிபயோட்டிக் ஏதாவது எழுதினாலும் சீனிக் குளிசை போடுவதைச் சொல்லுங்கள், சிலவகை கிளிக்ளசைட்டோடு சேர்ந்து சீனியை விழுத்தும்.

இன்னும் ஒரு சின்ன விஷயம், காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் குத்தப் போகிற நாளில் கிளிக்ளசைட்டை வீட்டில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. கையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்ததும் சாப்பாட்டோடு போட வேண்டும்.

டொக்டரிடம் போகும்போது கிளினிக் கொப்பி, பிரைவேட் துண்டு, கனடாப் பெட்டி, பிரஷர் குளிசை, நோவுக்குப் போடுவது, கோப்பைத் தண்ணீர் எல்லாம் ஒரே பையில் போகட்டும். வெறும் பட்டியலாகக் கொண்டுபோக வேண்டாம், குளிசைகளையே கொண்டுபோங்கள், வெள்ளித் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது பெயர் இருக்கிற பக்கத்தை எறிந்துவிடாமல். திரும்பி வந்ததும் மாற்றியதைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதி வையுங்கள், அடுத்த கிளினிக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீங்களே டொக்டர் முன்னால் வையுங்கள். பழைய உறையில் இருக்கும் மீதிக் குளிசைகளை அம்மா கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள், பழக்கத்தில் கை அங்கேதான் போகும். குசினி அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டில் குளிசை வைக்க வேண்டாம், கொழும்பு ஈரத்துக்கும் அடுப்புச் சூட்டுக்கும் கடதாசி உறைக் குளிசை பொருமிவிடும், இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் உறையோடு சேர்த்து வையுங்கள்.

அப்புறம், ஒரு குளுக்கோஸ் பக்கட் வாங்கி அம்மாவின் கோயில் பையில், விபூதிச் சரைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், வேர்க்கத் தொடங்கினால் பூசை நடந்துகொண்டிருந்தாலும் வாயில் போடச் சொல்லி.